இரவல் மௌனம்

குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

அவள் ஈரக் கையோடு தொட்டியருகே நின்று பார்த்தாள். துளி குழாய் வாயில் திரண்டு, கனத்து, அறுந்து, கீழே கவிழ்த்திருந்த எவர்சில்வர் தட்டில் விழுந்து சிதறியது. இரண்டு மாதமாக வீட்டைத் தூங்கவிடாத சொட்டு அது. சரிசெய்ய வேண்டியவர் நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று தேர்தல் வாக்குறுதி மாதிரி இழுத்தடித்துக்கொண்டிருந்தார். தட்டை எடுத்து மேடையில் தட்டினாள். நங்கென்று கேட்டது. மறுபடி குழாயடியில் வைத்தாள். துளி விழுந்தது. ஒன்றுமில்லை.

வயதாகிறது, காது அடைத்திருக்கும் என்று வேறு யாராவது தேற்றிக்கொள்ளலாம். அவளால் முடியாது, காதுதான் அவளுக்குச் சோறு போட்டது. அரசு வானொலியில் ஒலித்தொகுப்பாளர். சட்டசபையில் பேசுவதையெல்லாம் வெட்டி ஒட்டி மாலை ஒலிபரப்புக்குத் தயார் செய்வது அவள் வேலை. முதலில் இருமலைத்தான் வெட்டச் சொன்னார்கள். இருமலுக்காக யார் வருத்தப்படப்போகிறார்கள்? பிறகு அரசாங்கத் தலைவர் தடுமாறிய இடங்களை வெட்டச் சொன்னார்கள். பிறகு அதைக் கேட்டு எதிர்வரிசை சிரித்த சிரிப்பை. பிறகு எதிர்வரிசையையே. எல்லாம் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த அரசாங்கம்தான். இந்தத் தடவையாவது வேலை செய்கிற ஆள் வரட்டும் என்று அவளும் வரிசையில் நின்று போட்டாள். வேலை நடக்கத்தான் செய்தது.

வெட்டிய இடத்தைச் சும்மா விட முடியாது. ஒலி அடியோடு நின்றுபோனால், ரேடியோ கெட்டுவிட்டதோ என்று கேட்பவர் திடுக்கிடுவார். ஒவ்வொரு அறைக்கும் ஒரு வெறும் சத்தம் உண்டு, ரூம் டோன் என்பார்கள். ஆளில்லாத சபை மண்டபத்தில் அதைப் பதிவு செய்துவைத்து, வெட்டிய பள்ளங்களில் இட்டு நிரப்புவாள். மண்டபத்தின் வெறும் சத்தம் அவளுக்கு மனப்பாடம்: உயரத்தில் சுற்றும் பழைய மின்விசிறிகளின் முனகல், அதில் ஒன்று மட்டும் சுற்றுக்கொரு தடவை டக் என்று இடறுவது. அவளுக்கென்று ஒரு கைப்பழக்கமும் இருந்தது. பேச்சை வெட்டினாலும் அதற்கு முன் இழுத்த மூச்சை விட்டுவைப்பாள். மூச்சு இருந்தால் ஒட்டு தெரியாது.

போன வாரம் கேள்விக்காரம்மா எழுந்து நின்றார். தடித்த கண்ணாடி, கரகரத்த தொண்டை. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கும் அந்த உறுப்பினருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அது. வீடு புகுந்து கூட்டிப்போன மாணவர்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தலைவர் முன்னாலிருந்த கோப்பைப் புரட்டினார். அந்தம்மா உட்காரவில்லை, பிள்ளை பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டே போனார்.

அத்தனையையும் எடுத்துவிடச் சொன்னார் மேலதிகாரி. அவ்வளவு பெரிய பள்ளத்துக்கு அவளிடமிருந்த வெறும் சத்தம் போதவில்லை. அதையே திருப்பித் திருப்பி ஒட்டினால் காது கண்டுபிடித்துவிடும். மண்டபமோ பூட்டிக் கிடந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று, மீதியை வீட்டிலேயே பதிவு செய்துகொள்ளலாம் என நினைத்தாள்.

குழாய்க்கு அடியில் துணியைப் போட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். மேசையில் படித்துக்கொண்டிருந்த மகளிடம், "கொஞ்ச நேரம் வாயைத் திறக்காம இரு" என்றாள்.

"சும்மா இருக்கறதைக்கூடவா உங்க ஆஃபீஸ்ல ரெக்கார்ட் பண்றாங்க?"

அவள் பதிவுக் கருவியைக் காட்டி, உதட்டில் விரலை வைத்தாள். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பக்கத்தைப் புரட்டினாள். நடுவில் ஏதோ சொல்லத் தோன்றி மூச்சை இழுத்தவள், அம்மாவின் விரலைப் பார்த்து அப்படியே விழுங்கிவிட்டாள்.

ஒலிபரப்பில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மேலதிகாரி பாராட்டினார். மறுநாள் கேள்விக்காரம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் கேட்டதே ஊருக்குத் தெரியாதபோது, அவர் எங்கே என்று யார் கேட்பார்கள்? தெரிந்த அவளும் கேட்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி, வெளியே சொல்லவும் முடியாமல் உள்ளே தாங்கவும் முடியாமல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

இப்போது குழாயை விட்டுவிட்டு முன்னறைக்கு வந்தாள். பொழுது சாய்ந்து அறை மங்கியிருந்தது. சுவர்க்கடிகாரத்தின் முள் நகர்ந்தது, அதன் சத்தம் இல்லை. வெளியே பிடித்திருந்த தூறல் பக்கத்து வீட்டுத் தகரச் சார்ப்பில் பொரிந்து தெறித்தது, அதன் சத்தமும் இல்லை. அந்த வீட்டு ரேடியோ மட்டும் விளம்பரம் பாடிக்கொண்டிருந்தது.

கண்ணை மூடி, வேலையில் கேட்பதுபோலக் கேட்டாள். முழு மௌனம் இல்லை. பழைய மரத்தின் வாசனையும் மெழுகின் வாசனையும் பலர் உட்கார்ந்து எழுந்த தோல் இருக்கைகளின் புழுங்கல் நெடியும் சூழ்ந்து வர, அதற்கெல்லாம் அடியில் ஒரு முனகல். டக். மறுபடி முனகல். டக். அவள் வீட்டில் விசிறி ஓடவில்லை. முனகலுக்கும் அடியில், மிக அருகில், யாரோ கரகரவென்று தொண்டையைச் செருமினார்கள். பேச எழுந்து நிற்பவர் செருமுகிற செருமல்.

வீட்டின் மௌனத்தை மண்டபத்துக்குக் கொடுத்தாயே, அப்படியானால் மண்டபத்தின் மௌனம் எங்கே போகும் என்று நினைத்தாய்? தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள்.

கதவு திறந்து மகள் நனைந்துகொண்டு வந்தாள். கதவைச் சாத்தி, துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள்.

"அம்மா, பயப்படாம கேளு. என்கூடப் படிக்கிறவ, அன்னைக்கு நம்ம வீட்டுக்கு வந்தாளே, அவளை நேத்து வீட்டுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. நாங்க எல்லாரும் போய் எங்கேன்னு கேட்டோம். கேட்டதுக்கு..."

மகள் மூச்சை இழுத்தாள்.

பிறகு முனகல். டக்.

உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கையை ஆட்டி, கண்ணை விரித்து, விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்கூட வரவில்லை. வெட்டு சுத்தமாக இருந்தது, மூச்சு விட்டுவைக்கப்பட்டிருந்தது. அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரியும்.

அந்தம்மா பேசியதை வெட்டியது நான்தான், உன்னை வாய் மூடச் சொன்னது அதற்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். மூச்சு வந்தது. குரல் வரவில்லை.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இந்த யானையின் மணியை அவளே அறுத்திருந்தாள். ஜன்னலில் வெளிச்சம் திரும்பியது. வண்டி நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். சத்தமில்லை. மகளின் முதுகுக்குப் பின்னால் கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாள் குதித்தது. மகள் இன்னும் தலையைத் துவட்டியபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் கையைக் காட்டினாள். ஓடு என்றாள். முனகல். டக்.

கதவு பிளந்தது.

சாதாரணச் சட்டை போட்டவர்கள். நான்கு கைகள். மகள் மேசையைப் பிடித்தாள். மேசை இழுபட்டது. நாற்காலி விழுந்தது. அவள் ஒரு கையைப் பிடித்தாள். உதறினார்கள். மகளின் வாய் அகலத் திறந்திருந்தது. அம்மா என்ற வடிவம். மறுபடியும் அதே வடிவம்.

ஜன்னலுக்கு ஓடினாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில், எதிர் ஜன்னலில் பக்கத்து வீட்டு அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். கம்பியில் உள்ளங்கை கிழியத் தட்டினாள். அலறினாள். அக்கா ஒரு தலையணை உறையை உதறி, நான்காக மடித்தார்.

மகளை ஏற்றிய வண்டியின் வெளிச்சம் திரும்பிப் போனது.

பக்கத்து வீட்டு ரேடியோவில் விளம்பரம் முடிந்து, போன வாரச் சபைத் தொகுப்பின் மறுஒலிபரப்பு ஆரம்பித்தது. தலைவர் பேசினார். மேசைகளைத் தட்டினார்கள். பிறகு பேச்சில் ஒரு இடைவெளி வந்தது. ரேடியோவில் ஒன்றும் கேட்கவில்லையே என்று அக்கா எட்டி ஒலியைக் கூட்டினார்.

துணிமேல் விழும் குழாய்ச் சொட்டு கேட்டது. புத்தகத்தில் ஒரு பக்கம் புரண்டது. ஏதோ சொல்ல வந்து, அவள் மகள் மூச்சை இழுத்தாள்.