நாலு முறை வெடித்த பேரண்டம்

ஹரிதாவுக்கு அன்று சாயங்காலம் அழுகை அழுகையாக வந்தது. வராமல் என்ன செய்யும்? ஆந்திராவில் இருக்கும் நகரியில் அவள் படிக்கும் ஏழாம் வகுப்பின் சுவரில் நாலு படங்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் அவளைவிட உயரம். நாலையும் சேர்த்தால் ஒரே பெரிய ஓவியம், பேரண்டம் பிறந்த கதை. அப்படித்தான் பேச்சு.

சேர்த்துப் பார்த்தால்? முதல் படத்தின் நடுவில் ஒரு பெரிய வெடிப்பு. இரண்டாவதில் இன்னொரு வெடிப்பு. மூன்றாவது, நாலாவது? கேட்கவே வேண்டாம்.

அறிவியல் பாடம் நடத்தும் நளினி டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்ப்பா, பேரண்டம் ஒரு தடவ பொறந்துதுன்னுதானே பாடம் நடத்தினேன்? நாலு தடவயா பொறந்துது?"

வரைந்த நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். நிமிர்ந்து பார்க்க முகம் வேண்டாமா?

தசரா லீவுக்கு முன்னால் டீச்சர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். மரச்சட்டத்தில் துணியை இழுத்து அடித்து, வெள்ளைப் பூச்சும் பூசி, கண்காட்சிக்காக ஹரிதா, மோகன்ராஜ், சலீம், ரக்ஷிதா நாலு பேருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "ஒண்ணுல வெடிப்புக்கு முந்தின இருட்டு. ஒண்ணுல வெடிப்பு. ஒண்ணுல எல்லாம் சிதறி ஓடறது. கடைசியில நட்சத்திரங்க. ஆளு, மரம், வீடு எதுவும் வேணாம். வெறும் கலரு, கோடு, புள்ளி. யாருக்கு எதுன்னு போன்ல பேசிப் பிரிச்சிக்குங்க."

போனில் பேசினால் வெடிப்பை வேறு யாராவது முதலில் கேட்டுவிடுவார்களே! அதனால் மோகன்ராஜ் யாரையும் கூப்பிடவில்லை. சலீம் போன் இருக்கும் பக்கமே போகவில்லை. ரக்ஷிதா, "யாராச்சும் கேட்டா நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடும்மா" என்று அம்மாவிடம் சொல்லி வைத்தாள். ஹரிதா மட்டும் என்ன யோக்கியம்? அப்பாவை அவள் நைனா என்பாள். நைனாவின் போன் லீவு முழுக்க அவள் பக்கத்திலேயே கிடந்தது. அவளும் தொடவில்லை.

திருப்பதியில் கண்காட்சி நாளைக்கு. காலையிலேயே ரயிலைப் பிடிக்க வேண்டும்.

"புதுசா ஒண்ணு வரையலாமா டீச்சர்?" என்று சலீம் கேட்டான்.

"வெள்ளப் பூச்சு காயவே ரெண்டு நாளாகும்டா. நான் ஹெச்.எம். ரூமுக்குப் போய்ட்டு வரேன். அதுக்குள்ள யாரு இருட்டு, யாரு வெடிப்புன்னு முடிவு பண்ணுங்க. இல்லன்னா நாம வரலன்னு சொல்லிடறேன்."

டீச்சர் படி இறங்கினாரோ இல்லையோ, சண்டை கிளம்பியது.

"என்னுது மேல கை வச்சீங்க, அவ்ளோதான்!" என்று மோகன்ராஜ் குதித்தான். "சோறு கூட துன்னாம வரைஞ்சேன் நானு!"

"நீ துன்னாத நாளு ஒண்ணு சொல்லு பாக்கலாம்" என்றான் சலீம்.

"அப்ப உன்னுத இருட்டாக்கிக்கோ!"

"நான் ஏன்டா ஆக்கணும்?"

ரக்ஷிதா சண்டைக்கே வரவில்லை. தன் படத்தை முன்னால் இழுத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். படம் உயரமா, அவளுடைய கால் விரல்கள்தான் வெளியே தெரிந்தன.

சீட்டுப் போடலாம் என்றான் சலீம். சரி என்றார்கள் எல்லோரும். ஆனால் என் பெயரைச் சீட்டில் எழுதக் கூடாது என்றும் எல்லோரும் சொன்னார்கள். பிறகு எப்படிச் சீட்டுப் போடுவதாம்?

ஹரிதா தன் படத்தைப் பார்த்தாள். மஞ்சள். அப்படி ஒரு மஞ்சள் அவளுக்கு இதற்கு முன்னால் வந்ததே இல்லை, இனிமேல் வருமா என்றும் தெரியவில்லை. விசைத்தறி ஓட்டும் அவளுடைய நைனா தனசேகர் அதைப் பார்த்துவிட்டு, "சூரியனையே கட்டி இழுத்துக்கினு வந்துட்டியாம்மா!" என்று கத்தினார். தறி ஷெட்டில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினார். நாளைக்கு அதைப் பார்க்கவே லீவு போட்டுக்கொண்டு திருப்பதிக்கு வரப்போகிறார்.

டீச்சரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டது. இன்னும் சண்டை ஓயவில்லை. நாலு பேரும் இப்படியே நின்றால் நாலு படமும் இங்கேயேதான் கிடக்கும்.

ஹரிதா கறுப்பு பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள். அகலமான பிரஷ்ஷை அதில் முக்கி, தன் மஞ்சளின் நட்ட நடுவில் இழுத்தாள்.

"ஏய், இன்னாடி பண்றே!" ரக்ஷிதா கத்தினாள்.

ஹரிதா இன்னொரு முறை இழுத்தாள். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும். வாயைத் திறக்காமலேயும் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பூசினாள். ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருந்தது. அதையும் விடவில்லை.

சண்டை அதோடு நின்றது. சலீம் மெதுவாக வெள்ளை பெயிண்ட்டை எடுத்தான். "என்னுது சிதறி ஓடறதா இருக்கட்டும்" என்று தன் வெடிப்பைப் புள்ளி புள்ளியாக உடைத்தான். மோகன்ராஜ் முணுமுணுத்துக்கொண்டே நீலத்தைக் குழைத்தான். "நான் நட்சத்திரம். ஆனா நடுவுல கொஞ்சம் வெடிப்பு இருக்கும், இப்பவே சொல்லிட்டேன்."

ரக்ஷிதாவின் சிவப்பு வெடிப்பு அப்படியே நின்றது. "தேங்க்ஸ்டி" என்றாள் அவள், சின்னக் குரலில். வாசலில் வந்து நின்ற டீச்சர், "காலையில ஸ்டேஷனுக்கு வந்துடுங்க" என்றார்.

நல்லது செய்தால் மனசு நிறையும் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது. ஹரிதாவுக்கு ஒன்றும் நிறையவில்லை. கறுப்பான பிரஷ்ஷைக் கழுவாமலேயே போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்குப் போனால் நைனா நாளைக்குப் போட வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது? தலை வலிக்கிறது என்று படுத்துவிட்டாள்.

திருப்பதியில் கூட்டமான கூட்டம். நாலு படமும் பக்கத்தில் பக்கத்தில், முதலில் இருட்டு, அடுத்து வெடிப்பு. ஆனால் வந்தவர்கள் எல்லாம் நேராகச் சிவப்பு வெடிப்புக்கு முன்னால் போய் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ரக்ஷிதாவுக்குச் சிரித்துச் சிரித்து வாய் வலித்தது. கறுப்பின் பக்கம் ஈ, காக்கை கூட இல்லை.

ஒரு பையன் மட்டும் வந்தான். "இதி இங்கா வெய்யலேதா?" என்று தெலுங்கில் கேட்டான். இதை இன்னும் வரையவே இல்லையா என்கிறான்! ஹரிதாவுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து நைனா வந்து சேர்ந்தார். இஸ்திரிச் சட்டை, படிய வாரிய தலை. நாலு படத்தையும் ஒரு முறை பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"எங்கம்மா உன்னுது? மஞ்சளக் காணோமே?"

"அந்தக் கறுப்பு... அதான் நைனா." அவ்வளவுதான், தேம்பித் தேம்பி அழுதாள். "நாலு பேரும் வெடிப்பே வரைஞ்சிட்டோம். யாராச்சும் ஒருத்தர் இருட்டா ஆகலன்னா வரவே முடியாது. அதான் நான் பூசிட்டேன்."

நைனா கறுப்புப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பிறகு இரண்டு எட்டு நகர்ந்து சிவப்புக்கு முன்னால் வந்தார்.

"யம்மாடியோவ்!" என்று பின்னால் நகர்ந்தார். கண் இரண்டும் விரிந்துவிட்டன.

மறுபடி கறுப்பிடம் போனார். மறுபடி சிவப்புக்கு வந்தார். "யம்மாடியோவ்!"

"இன்னா நைனா?"

"ராத்திரி ஷெட்டுல கரண்டு போயிடும் பாரு, பக்கத்துல இருக்கறவன் மூஞ்சி கூட தெரியாது. பட்டுனு வந்தா கண்ணு கூசும். அந்த மாதிரி இருக்குதும்மா."

"என் மஞ்சள் போயிடுச்சே நைனா."

"போச்சுதான்" என்றார் அவர். "நல்லாத்தான் இருந்துது அது."

அவர் பொய் சொல்லாதது ஹரிதாவுக்குப் பிடித்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகச் சிவப்பை நோக்கி நடந்தார். நைனா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டார். "அக்கட காது சார், இக்கட நுஞ்சி சூடண்டி!" அங்கே இல்லை, இங்கேயிருந்து பாருங்கள் என்று சொல்லி, அவரைக் கறுப்புக்கு முன்னால் நிறுத்தினார். அவர் ஒன்றும் புரியாமல் நின்றார். குழந்தையும் கறுப்பையே பார்த்தது. பிறகு இரண்டு எட்டு, சிவப்பு வெடிப்பு.

"ஹா!" என்று குழந்தை கையைத் தூக்கியது. தூக்கி வந்தவருக்கும் வாய் பிளந்துகொண்டது.

ஹரிதா அந்த இரண்டு முகங்களையும் பார்த்தாள். அழுத முகத்தோடேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் அடுத்து யாரோ வருவது தெரிந்ததும் நைனா மறுபடியும் கிளம்பினார். ஹரிதா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ போய் டீ குடி நைனா. இவங்கள நான் கூப்புடறேன்."