முழு வருகை

ரூபினியின் பெயரைக் கூப்பிட்டதும், "இருக்கேன் டீச்சர்" என்று கணினியிலிருந்து ஒரு குரல் வந்தது. சந்திரிகா டீச்சருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. வரக்கூடாத குரல் அது. ஏனென்றால், இந்த இணைய வகுப்பில் ரூபினியாக உட்கார்ந்திருந்தது சந்திரிகாவேதான்.

பெருந்தொற்றில் பள்ளிகளை மூடியதிலிருந்து தலைமையாசிரியர் சொக்கநாதனை ஒரே ஒரு நோய்தான் பிடித்திருந்தது: முழு வருகை. பாடம் நடந்ததா என்பது அவருக்குப் பொருட்டில்லை. நடந்ததற்கு ஸ்கிரீன்ஷாட் வேண்டும். டத்தோ கிராமாட் அடுக்குமாடியில் ரூபினி வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி சில வாரங்களுக்கு முன் அடங்கிப்போனது. அதன்பின் பிள்ளையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. போய்ப் பார்க்க டீச்சருக்கு நேரமில்லை. பாடம், பயிற்சி, பாடம் நடந்ததற்கு அறிக்கை, அறிக்கை அனுப்பியதற்கு இன்னோர் அறிக்கை. பிள்ளையைத் தேட நேரமில்லாதவளுக்கு, பிள்ளை வந்ததாகக் காட்ட மட்டும் நேரம் இருந்தது. தன் பழைய கைப்பேசியில் ரூபினியின் பெயரில் நுழைவாள். மைக்கையும் கேமராவையும் அணைத்து, முதுகுக்குப் பின்னாலிருந்த அலமாரியில் சேலைகளுக்கடியில் வைத்துவிடுவாள். முன்மாதிரி ஆசிரியர் விருதுக்கு அவள் பெயர் போயிருந்தது. வெளியே தெரிந்தால் விருது மட்டுமா, வேலையும் போகும்.

இது ஜெகதீஸ்வரியின் வேலைதான். பக்கத்து வகுப்பு டீச்சர்; அதே விருதுக்குக் காத்திருப்பவள். சந்திரிகா உடனே அவளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, என் கிளாஸ்ல பூந்து விளையாடாதீங்க."

"என் பிள்ளைங்க பாடத்தத் திருத்தவே நேரமில்ல, ஒன் கிளாஸ்ல நான் ஏன்லா வந்து உக்காரணும்? விருது வர்றதுக்கு முன்னாடியே தலைக்கேறிடுச்சா?"

சந்திரிகா நம்பவில்லை. மறுநாள் பழைய கைப்பேசியை அணைத்தே சேலைகளுக்கடியில் வைத்தாள்.

அன்று வகுப்பில் முதலில் நுழைந்த பெயர் ரூபினி.

அந்தக் கறுப்புச் சதுரத்திலிருந்து மழைச்சத்தம் வந்தது. சந்திரிகா வீட்டுத் தகரக்கூரைமேல் விழுந்துகொண்டிருந்த அதே மழை, அதே தாளம். இடையிடையே துணியோடு துணி உரசும் சத்தம். அறையில் பாச்சை உருண்டை வாடை மெல்லக் கனத்தது.

வகுப்பைப் பார்வையிடச் சொக்கநாதன் சார் திரையில் நுழைந்தார். கழுத்தில் டை.

"எல்லாரும் கேமரா ஆன் பண்ணுங்க!"

ஒவ்வொரு சதுரமாக முகங்கள் மலர்ந்தன. கடைசியாக ரூபினியுடையது. இருட்டு. இருபுறமும் சேலை விளிம்புகள். நடுவே ஒரு வெளிச்சக் கீற்று. கீற்றுக்குள் ஒரு நாற்காலி. ஒரு பெண்ணின் முதுகு.

சந்திரிகா போட்டிருந்த அதே ரவிக்கை.

சந்திரிகா வலதுகையை உயர்த்தினாள். சதுரத்திலிருந்தவளும் உயர்த்தினாள்.

"அட, ரூபினியும் வந்திருக்கு! முழு வருகை! சபாஷ் டீச்சர்! யாரும் அசையாதீங்க. சிரிங்க!"

பின்னால் அலமாரிக் கீல் முனகியது. திரும்ப வேண்டும். விருது. சார் பார்க்கிறார். சிரித்தாள்.

சதுரத்தில் முதுகு பெரிதானது. இன்னும் பெரிதானது.

"இருக்கேன் டீச்சர்."

குரல் கணினியிலிருந்து வரவில்லை.

சார் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கட்டைவிரல்கள் குவிந்தன. எல்லாச் சதுரத்திலும் சிரிப்பு. ரூபினியின் சதுரத்தை மட்டும் ஒரு பின்கழுத்து நிறைத்திருந்தது. அதன்மேல், சேலைச் சரிகை நூல் ஒட்டிய சின்ன விரல்கள்.