முதல் பனிவாரிச் சத்தம்

அன்று காலை சயோகோ வாசல் கதவை நகர்த்தியபோது வாசலில் பனி இல்லை.

இரவு முழுக்கக் கொட்டியிருந்தது. எதிர்வீட்டுக் கார் இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டுமே தெரிந்தது. மின்கம்பிகள்கூடக் கையளவு பருத்துத் தொங்கின. ஆனால் அவள் வீட்டு வாசலிலிருந்து தெரு வரைக்கும் தரை தெரிய வாரப்பட்டிருந்தது. ஓரங்கள் கத்தியால் நறுக்கியதுபோல் நேராக இருந்தன. வாரிய பனியில் பாதி வலப்பக்கத்து ஹொன்மா வீட்டு வாசலிலும், மீதி தெருவைத் தாண்டி இகராஷி வீட்டு வாசற்படியிலும் கொட்டிக் கிடந்தது.

இகராஷி வீட்டம்மா அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் பனிவாரியை ஊன்றி நின்றிருந்தாள்.

"சயோகோ சான், உங்க வீட்டுக்காரருக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"படுத்தேதாங்க இருக்கார். இதயத்துல வைத்தியம் பண்ணினதுக்கு அப்புறம் டாக்டர் பனிவாரியைத் தொடவே கூடாதுன்னுட்டார்."

"அப்படியா. அப்போ படுத்துக்கிட்டே வாரறாராக்கும்." அவள் சிரிக்கவில்லை. "விடியறதுக்கு முன்னாடியே டொக்கு டொக்குன்னு ஆரம்பிச்சா நாங்க எப்படிங்க போர்வைக்குள்ள கிடக்கறது? அடிச்சுப் பிடிச்சு எழுந்து வந்தா, எங்க வாசல்ல உங்க பனி."

சயோகோ குனிந்து மன்னிப்புக் கேட்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இரண்டு வீட்டு வாசலிலும் கிடந்த பனியை அவளே வாரி, தெரு முனைக் கால்வாய்வரை இழுத்துப்போய்க் கொட்டினாள்.

அந்தத் தெருவில் பனிக்காலம் என்பது காதால் வாழும் காலம். பனிப் பாரத்தில் கீழ்த்தள ஜன்னல்கள் உடைந்துவிடாமல் இருக்க மார்கழி பிறக்கும் முன்பே எல்லோரும் பலகை அடித்துவிடுவார்கள். பகலிலும் வீட்டுக்குள் விளக்கு எரியும். வெளியே யார் என்ன செய்கிறார்கள் என்பது சத்தத்தால் மட்டுமே தெரியும். விடிவதற்கு முன் ஏதோ ஒரு வீட்டில் முதல் பனிவாரி தரையை உரசும். அதைக் கேட்டபிறகு யாரும் படுத்திருக்க முடியாது. பக்கத்து வீட்டான் வாரிக்கொண்டிருக்கும்போது தூங்குகிறவன் என்ற பேர், அடுத்த வேனில்வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வீடாக விளக்கு எரியும். ஒவ்வொருவராக, மனதுக்குள் முதலாமவனைத் திட்டிக்கொண்டே வெளியே வருவார்கள். முதலில் எழுந்தவனை அந்தத் தெரு ஒருபோதும் மன்னித்ததில்லை.

போன வருடம்வரை அந்த முதல் ஆள் தொகாஷி. சயோகோவின் இடப்பக்கத்து வீடு. தனியாள், எழுபதைத் தாண்டியவர். ஒரு மூலை உடைந்த பழைய இரும்புப் பனிவாரி வைத்திருந்தார். அதில் ஒட்டிய பனியை உதிர்க்கக் கல்லில் தட்டுவார். இரண்டு தட்டு, சற்று இடைவெளி, ஒரு தட்டு. டொக், டொக்... டொக். வாரியதை அடுத்தவன் வாசலில் தள்ளுவார். கேட்டால், "வானத்துல இருந்து விழுந்ததுதானே, என் பேரா எழுதியிருக்கு?" என்பார்.

இப்போது அந்த வீடு பூட்டிக் கிடந்தது.

இகராஷி வீட்டம்மா உள்ளே போனபிறகுதான் சயோகோ தன் வாசல் தரையை உற்றுப் பார்த்தாள். வாரப்பட்ட பாதை நெடுக, இறுகிய பனியில், ஒரு மெல்லிய கீறல் ஓடியது. உடைந்த மூலை இழுத்த கோடு. அது தெருவிலிருந்து வரவில்லை. தொகாஷி வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே, ஒரு ஆள் மட்டுமே நுழையக்கூடிய சந்திலிருந்து வந்தது.

கணவர் கென்சோவிடம் அவள் அதைச் சொல்லவில்லை. அவர் ஹீட்டருக்குப் பக்கத்தில் படுக்கையில் உட்கார்ந்து, புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாயைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் மெல்லும் சத்தம் இருண்ட வீட்டில் பெரிதாகக் கேட்டது.

"யாரு வாரினது?"

"நான்தாங்க."

"நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே சத்தம் கேட்டுச்சு."

அவள் ஊறுகாய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தொகாஷி செத்த காலை இருவருக்கும் ஞாபகம் இருந்தது. இருவருமே அதைப் பேசியதில்லை. அன்றும் முதல் சத்தம் அவருடையதுதான். கென்சோ புரண்டு படுத்து, "கிழவன் ஆரம்பிச்சுட்டான்" என்றார். தெருவில் விளக்குகள் எரிந்தன. எல்லோரும் வந்து வாரினார்கள். வழக்கத்தைவிட நீண்ட நேரம் தொகாஷி தட்டிக்கொண்டே இருந்தார். விடமாட்டேன் என்கிறானே என்று ஹொன்மா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக வாரினார். கென்சோவும் வாரினார். உள்ளே வந்தபிறகும் சத்தம் நிற்காததால் டிவியின் ஒலியைக் கூட்டி வைத்தார்.

சாயங்காலம் தொகாஷியைத் தோண்டி எடுத்தார்கள். அவருடைய கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து அந்தச் சந்து முழுவதையும் நிரப்பியிருந்தது. நின்றபடியே புதைந்திருந்தார். பனிவாரி இரண்டு கைகளிலும் இருந்தது. அவர் அவ்வளவு நேரமும் தட்டியது கல்லில் இல்லை, இவர்கள் வீட்டுச் சுவரில். வெளிச்சுவர்த் தகரத்தில் இடுப்பு உயரத்துக்கு அந்த நெளிவுகள் இன்னும் இருந்தன. உள்ளே அது நடைக்கூடத்துச் சுவர். காலணி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கொட்டியது. மறுபடி வாசல் வாரிக் கிடந்தது. இந்தமுறை ஹொன்மா கதவுக்கே வந்து, உள்ளே கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"கென்சோ இருக்கானா? நோயாளின்னு சொல்லித் தெருக் கூட்டத்துல வேலையில இருந்து கழண்டுகிட்டான். நல்லது. ஆனா கள்ளத்தனமா எழுந்து வாரறவன் பனியை அவன் வாசல்லயே வெச்சுக்கச் சொல்லுங்க. பொண்டாட்டி முந்தானைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் குழி பறிக்கறான். தொகாஷி தேவலை. அவன் முகத்துக்கு நேரா செஞ்சான்."

"அவர் வெளியே வரலைங்க, ஹொன்மா சான். சத்தியமா."

"அப்போ யாரு? தொகாஷியா?"

ஹொன்மா தன் நையாண்டிக்குத் தானே சிரித்தார். பிறகு கண் சந்தின் பக்கம் போனது. சிரிப்பு நின்றது. வேகமாகத் திரும்பிப் போய்விட்டார்.

கென்சோ படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு துடிப்பது கதவருகிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

"நாளைக்கு நான் முழிச்சிருந்து பாக்கறேன். எவன்னு."

"வேண்டாங்க. உங்க இதயம் தாங்காது."

"என் பேரைச் சொல்லி எவனோ வாரறான். தெருவே என்னைத் திட்டுது. நான் படுத்துக் கிடக்கணுமா?"

அவர் தூங்கியபிறகு அவருடைய ரப்பர் பூட்ஸைக் குளியல் தொட்டிக்குள் ஒளித்தாள். அலுமினியப் பனிவாரியை மாடி அலமாரியில், மெத்தைகளுக்குப் பின்னால் சொருகினாள். வாசலைப் பூட்டிச் சாவியை உடுப்புக்குள் வைத்துக்கொண்டாள். இந்த ஒரு பனிக்காலம். அவரை இந்த ஒரு பனிக்காலம் வீட்டுக்குள் வைத்துவிட்டால் போதும். வேறெதையும் அவள் கேட்கவில்லை.

மூன்றாவது பனி சத்தமில்லாமல் வந்தது. காற்று நின்றது. தெருக்கோடி ரயில் பாதையின் ஓசை நின்றது. வீட்டின் மரச்சட்டங்கள் கூரைப் பாரத்தில் முனகின, பிறகு அவையும் அடங்கின. ஹீட்டரின் மண்ணெண்ணெய் வாடையும், ஈரக் கம்பளியின் வாடையும், பலகைகளுக்குப் பின்னால் இறுகிப்போன பனியின் இரும்பு போன்ற வாடையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. பக்கத்து அறையில் கென்சோ படுத்திருந்தார். சயோகோ கண்ணை மூடாமல் கிடந்தாள்.

சறக்.

தரையில் இரும்பு உரசியது. சந்துக்குள்.

சறக். சறக். பிறகு, டொக், டொக்... டொக்.

அவள் போர்வையைப் பல்லால் கடித்துக்கொண்டாள். உரசல் சந்திலிருந்து வாசலுக்கு வந்தது. அங்கே நிதானமாக, வெகுநேரம், எதையோ அள்ளி அள்ளிக் கொட்டியது. பிறகு திரும்பிப்போனது. அவள் எழவில்லை. பக்கத்து அறையைப் பார்த்தாள். இருட்டு. அசைவில்லை. நல்லவேளை, அவர் தூங்குகிறார். எழுப்பக் கூடாது.

எப்போது கண் அயர்ந்தாள் என்று தெரியாது. வீடு அதிர்ந்ததில் விழித்தாள். கூரையிலிருந்து பெரும் பாரம் ஒன்று வழுக்கி, சந்துக்குள் தொம்மென்று இறங்கியது. பாத்திரங்கள் குலுங்கின. பிறகு அமைதி.

பிறகு தட்டல்.

நடைக்கூடத்துச் சுவரில். அவசர அவசரமாக, ஒழுங்கில்லாமல். டக் டக் டக் டக்.

"போயிடுங்க" என்றாள், போர்வைக்குள்ளிருந்து. "தொகாஷி சான், போயிடுங்க. எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்திருப்போம்."

தட்டல் நிற்கவில்லை. கென்சோ விழித்துவிடுவார். விழித்தால் வெளியே போவார். அவள் தவழ்ந்துபோய் டிவியைப் போட்டாள். காலைச் செய்தியில் ஒரு பெண் பனியளவை வாசித்துக்கொண்டிருந்தாள். சயோகோ ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

இவ்வளவு சத்தத்திலும் கென்சோ ஏன் எழவில்லை?

கையை எடுத்தாள். பக்கத்து அறைக்குள் போய் விளக்கைப் போட்டாள்.

படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். சூடில்லை.

மாடியிலிருந்து குளிர் இறங்கி வந்தது. ஏறினாள். ஜன்னல் முழுதாகத் திறந்திருந்தது. அலமாரியிலிருந்து மெத்தைகள் வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்தன. பின்னால் சொருகிய பனிவாரி இல்லை. பாயில் பனி. ஜன்னலுக்கு வெளியே கீழ்க்கூரையில், பூட்ஸ் இல்லாத கால்தடங்கள் சந்துப் பக்கமாகப் போயின. பாதிவரை. அதற்கப்பால் கூரையில் பனியே இல்லை. ஈரத் தகரம் பளபளத்தது. அதன் ஓரம்வரை ஒரு மெல்லிய கீறல்.

கீழே சந்து நிரம்பியிருந்தது. வெள்ளையாக. மட்டமாக.

தட்டியது அலுமினியம். இரும்பு இல்லை. அது அவளுக்கு அப்போதுதான் கேட்டது.

படிகளில் விழுந்து இறங்கினாள். பூட்டு திறந்தது. கதவு நகரவில்லை. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தரையிலிருந்து நிலைவரைக்கும் பனி, செங்கல் அடுக்கியதுபோல் அடித்து இறுக்கப்பட்டிருந்தது. தெருவிலிருந்த பனியெல்லாம் அவள் வாசலில். அதன்மேல் குறுக்காக ஒரு கீறல், கண்ணாடியை ஒட்டி, நேராக.

வெளியே பனிவாரிகள். ஒன்று. இன்னொன்று. தெரு எழுந்துவிட்டது. கண்ணாடியை அடித்தாள். கத்தினாள். குரல் பனிக்குள் போய்ச் செத்தது. அந்தப் பக்கத்தில் ஹொன்மாவின் குரல் மங்கலாக, சலிப்போடு கேட்டது:

"கேக்குதா இகராஷி சான்? இன்னும் தட்டறான் பாருங்க. விடமாட்டான் போலிருக்கு."

"நாமளும் வாருவோம். என்ன பண்றது."

பனிவாரிகள் வேகமெடுத்தன.

சயோகோ காலணி அலமாரியைத் தள்ளிவிட்டுச் சுவரில் முகத்தை வைத்தாள். "என்னங்க. நான் இங்கதான் இருக்கேன். தட்டுங்க. விட்டுடாதீங்க." முஷ்டியால் சுவரை அடித்தாள்.

டக் டக் டக். இடுப்பு உயரத்தில், மெதுவாக. அவர்தான். மூச்சு வாங்கி வாங்கித் தட்டுகிறார்.

அதற்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில், இரும்பு பதில் சொன்னது. டொக், டொக்... டொக். பொறுமையாக. சொல்லிக்கொடுப்பதுபோல.

அலுமினியம் நின்றது.

அவள் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். தெருவில் அத்தனை வீட்டுக்காரர்களும் குனிந்து, அவரவர் வாசலை மட்டும் பார்த்து, அந்தத் தாளத்துக்கே வாரிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவள் கன்னத்துக்கு நேராக, சுவரின் அந்தப் பக்கம், அலுமினியப் பனிவாரி மறுபடி தட்டத் தொடங்கியது. இப்போது அவசரமில்லாமல்.

இரண்டு தட்டு. சற்று இடைவெளி. ஒரு தட்டு.