வாயு ஏறும் முன்பே

"யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. அப்புறம் அவனை நான் பாத்துக்கிறேன்" என்றாள் அந்தப் பெண் பொறியாளர், நாற்காலியில் உட்காராமலே.

துப்பறிபவர் ஒரு காலத்தில் சுரங்க விபத்துகளை விசாரித்தவர். எதற்கும் பதற மாட்டார். பதறுவதற்கென்றே பக்கத்தில் ஓர் உதவியாளர் இருந்தார். தலை நரைத்த பிறகும் அவருக்கு 'அவசரக்குடுக்கை' என்ற பெயர் போகவில்லை.

ஆலைப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவை ஊருக்கு அடியில், ஆழத்துப் பாறைக்குள் செலுத்தத் திட்டம். பாறை தாங்குமா என்று கணினி மாடலில் பார்ப்பது அவள் வேலை. பாறை ஏற்கெனவே மேல் பாரத்தாலும் பக்கவாட்டு நெருக்கத்தாலும் இறுகிக் கிடப்பது. அந்த ஆரம்ப அழுத்தத்தை முதலில் வைத்து, பாறை அசையாமல் நிற்கும்வரை அமர விட வேண்டும். வாயு அதற்கப்புறம்தான். அப்படிச் செய்து பார்த்தபோது பாறையிலுள்ள விரிசல் வழுக்கியது. ஆபத்து என்று சொல்லிவிட்டாள்.

இயக்குநர் முன் மாடலை ஓட்டிக் காட்டிய அன்று, துளி வாயு ஏறும் முன்பே திரையில் பாறை சரிந்தது. கூட்டமே சிரித்தது. மானம் கப்பலேறியது. வேலையும் போயிற்று, வாயு செலுத்த நாளும் குறித்தாயிற்று.

யாரோ மாடலில் கை வைத்திருக்க வேண்டும். அவளைத் தவிர அதைத் தொடக்கூடியவர்கள் இருவர். ஒருவர், இந்தத் திட்டத்துக்காகத் தவம் கிடந்த மேலாளர். இன்னொருவன் அவள் கொழுந்தன். அவளே வேலையில் சேர்த்து, அவளே தொழில் கற்றுக்கொடுத்தவன்.

மேலாளர்தான் என்று அவசரக்குடுக்கை அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார். அவளுக்கும் சந்தேகமில்லை. அந்த மனிதன் எல்லார் முன்னாலும் கூனிக் குறுகி நிற்பதை நினைத்தால்தான் அவளுக்குத் தூக்கமே வந்தது.

அன்று ஓட்டிய மாடலின் நகல் அவளிடம் இருந்தது. துப்பறிபவர் அதைத் திறந்து காட்டச் சொன்னார். இரண்டு மாற்றங்கள் இருந்தன. ஓர் அடுக்கின் பக்கவாட்டு நெருக்கத்தைக் கூட்டியிருந்தார்கள். பாறையை அமர விடும் கட்டத்தை அணைத்திருந்தார்கள். அதனால்தான் வாயு ஏறும் முன்பே பாறை சரிந்திருக்கிறது.

மறுநாள் கூட்ட அறையில் அவளோடு இயக்குநரும் மேலாளரும் கொழுந்தனும் இருந்தார்கள். மாடல் கையில் கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று துப்பறிபவர் மேலாளரைக் கேட்டார். வாயுவை ஏற்றுவேன், வேறென்ன இருக்கிறது என்றார் அவர், எரிச்சலோடு.

"அங்கதான் விஷயம்" என்றார் துப்பறிபவர். "நெருக்கத்தை மட்டும் மாத்தியிருந்தா, மாடல் ஓடும்போது பாறை தானா மறுபடி அமர்ந்திருக்கும். கூட்டின நெருக்கம் விரிசலை இறுக்கிப் பிடிச்சு, வழுக்கலைன்னு முடிவு வந்திருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. இவருக்கு வேண்டியதும் அதுதான். அமர விடுற கட்டத்தை எதுக்கு அணைக்கணும்? அப்படி ஒண்ணு இருக்கிறதே இவருக்குத் தெரியாது. அணைச்சவருக்குத் திட்டம் பெரிசில்ல. இந்தம்மா தலைகுனியணும், அவ்வளவுதான்."

அவளைத் தவிர அந்தக் கட்டம் தெரிந்தவன் அங்கே ஒருவன்தான். கொழுந்தன் மறுக்கவில்லை.

"வீட்டுக்கு யார் வந்தாலும், 'நான் வாங்கிக் குடுத்த வேலை, நான் சொல்லிக் குடுத்த தொழில்'. சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்னீங்க, அண்ணி. வந்தவங்க என்னைப் பாத்துச் சிரிச்ச மாதிரி உங்களைப் பாத்தும் சிரிக்கணும்னு இருந்துச்சு."

அவள் இரண்டு மாற்றங்களையும் சரி செய்து மாடலை ஓட்டினாள். பாறை அசையாமல் நின்றது. வாயு ஏறியது, விரிசல் வழுக்கியது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இயக்குநர் திட்டத்தை அங்கேயே நிறுத்தினார். அவளிடம் மன்னிப்புக் கேட்டு, வேலையைத் திரும்பக் கொடுத்தார். இவனை இப்போதே வெளியே அனுப்பிவிடுகிறேன், போலீசுக்கும் போகலாம், உங்கள் விருப்பம் என்றார்.

கொழுந்தன் அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். விட்டது சனி என்ற முகம். அதைப் பார்த்ததும் அவள் முடிவு செய்துவிட்டாள்.

"வேண்டாம் சார். இங்கயே இருக்கட்டும். எனக்குக் கீழ." அவன் பக்கம் திரும்பினாள். "வீட்டுல இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ என்னிக்கு வேலையை விடுறியோ, அன்னிக்குச் சொல்றேன்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணி, போலீசுக்கே சொல்லிடுங்க" என்று கெஞ்சினான்.

"உக்காரு" என்றாள் அவள். "அடுத்த மாடலுக்கு ஆரம்ப அழுத்தம் வைக்கணும்."