காய்ந்த தாள்

"இருபது வருஷ சிநேகிதம் போயிடுச்சு ஐயா!"

கிடியன் லார்க்கம் காப்பிக் கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். லண்டனில், ஃப்ளீட் தெருவின் பின்சந்தில் மாத இதழ் நடத்துபவர். எதிரே வாதக்காலை நீட்டியிருந்த ஆம்புரோஸ் கெட்டில்பி, நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரார் கொண்டுவரும் சிக்கல்களை அவிழ்த்துத் தருபவர், கொட்டாவி விட்டார். மழை, கால் குடைச்சல், இதில் எழுத்தாளர் சண்டை வேறா!

விஷயம் இதுதான். அச்சுக்கூடத்தில் கட்டி வைத்திருந்த இதழ்களுக்குள் ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒரு தனித்தாளைச் செருகிவிட்டார்கள். லார்க்கத்தின் உயிர் நண்பர், கவிஞர் சைலஸ் மோப்ரேயின் புது நூலை அது கிழி கிழியென்று கிழித்திருந்தது. லார்க்கம்தான் செய்தார் என்று மோப்ரே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இனி லார்க்கத்தின் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாராம்.

"நானா அவனைத் திட்டுவேன்? ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்ச பத்திரிகை ஐயா. அப்ப ஆள் வைக்க வக்கில்லை. முந்தின நாளே நான் தாளை நனைச்சு வைப்பேன். காலையில அவன் வந்து எழுத்துக் கோத்து அச்சடிப்பான்."

"அச்சுக்கூடச் சாவி?"

"என்கிட்ட, அச்சுக்காரங்க ரெண்டு பேர்கிட்ட. சைலஸ்கிட்டயும் ஒண்ணு உண்டு."

"அச்சுக்காரன்தான் அண்ணே! போட்டிப் பத்திரிகைக்காரன் அவன் கையில காசு திணிச்சிருக்கான்!" என்று துள்ளினான் டோபி. பொய்முடிக் கடை வேலையைப் போட்டுவிட்டுக் கெட்டில்பியின் பின்னாலேயே அலைகிறவன்.

"சும்மா கெட. இதைப் பாரு," என்று லார்க்கம் கொண்டுவந்த இதழையும் தனித்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் கெட்டில்பி.

இதழின் எழுத்துகள் கன்னங்கரேலென்று இருந்தன. தனித்தாளிலும் அதே அச்செழுத்துதான், ஆனால் சாம்பல் பூத்துத் திட்டுத் திட்டாக விழுந்திருந்தது.

"மோப்ரேயைக் கூட்டிட்டு வா," என்றார் கெட்டில்பி.

மோப்ரே வந்தார். லார்க்கத்தின் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"காய்ஞ்ச தாள்ல மை சரியாப் பிடிக்காது," என்றார் கெட்டில்பி. "அச்சுக்காரன் தூக்கத்துலகூட நனைக்காம அடிக்க மாட்டான். எழுத்துக் கோக்கத் தெரியும், தாள் நனைக்கணும்னு மட்டும் தோணாது. சாவியும் இருக்கு. அப்படி ஒரே ஆள்தான், கவிஞரே."

மோப்ரே மெல்ல உட்கார்ந்தார். "நான் வர்றப்ப தாள் எப்பவும் ஈரமாத்தானே இருக்கும்," என்றார்.

"ஏன்டா?" என்றார் லார்க்கம்.

"நீ பாராட்டிப் பாராட்டி எழுதுற. சிநேகிதன் எழுதுனதுன்னு ஒருத்தனும் மதிக்கலைடா. திட்டி, சண்டைன்னு கிளப்பினாலாவது புத்தகத்தை வாங்குவான்னு நெனச்சேன்."

"வாங்கினானா?"

"ஒருத்தன்கூட இல்ல."

டோபிக்குச் சிரிப்பு வந்தது. கெட்டில்பி முறைத்ததும் அடக்கிக்கொண்டான். லார்க்கம் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அடுத்த தடவை என் பேரைக் கெடுக்கணும்னா முன்னாடியே சொல்லித் தொலைடா. தாளையாவது நனைச்சு வைக்கிறேன்."