இருபத்தேழாம் வண்டி

மழை பிடித்துக்கொண்டதால் மூன்று மணிக்கே திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஓட்டுநர்கள் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மண் அள்ளும் டம்பர் லாரிகள் முற்றத்தில் வரிசையாக நின்றன, அவற்றைக் காட்டும் பச்சைப் புள்ளிகளும் திட்ட அறையில் அவளுடைய கணினித் திரையில் வரிசையாகத்தான் நின்றன. அதனால் மேசைமேல் இருந்த வாக்கி டாக்கியில் யாரோ இரண்டு தடவை பொத்தானை அழுத்தி விடுகிற சத்தம், டொக், டொக் என்று கேட்டபோது, எவனோ வாக்கியின்மேல் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

'சரி' என்று வாயால் சொல்வதற்குப் பதிலாக அப்படி இரண்டு தடவை அழுத்துகிற ஆள் ஒருவன்தான் இருந்தான். வாய் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று கேலி செய்து, மற்ற ஓட்டுநர்கள் அவனுக்கு டொக்டொக் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவளுடைய தம்பி. பதினோரு மாதத்துக்கு முன்னால் தெற்குச் சரிவு இடிந்து விழுந்தபோது, இருபத்தேழாம் வண்டியோடு நாற்பது மீட்டர் மண்ணுக்கு அடியில் போனவன். பன்னிரண்டு நாள் தேடினார்கள். சரிவு மறுபடி அசைகிறது என்று அதையும் நிறுத்திவிட்டார்கள்.

எந்த வாரம் எங்கே தோண்டுவது, எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது என்று திட்டம் போடுவது அவள் வேலை. திட்ட அறை இடம் சொல்லாமல் ஓட்டுநர் கொட்டக் கூடாது, கொட்டாமல் வீட்டுக்குப் போகவும் கூடாது. மின் நிலையம் கேட்கிற நிலக்கரி ஒரு நாளும் குறையக் கூடாது. இந்தப் பதினோரு மாதமும் வாரத்துக்கு ஒரு சாக்குச் சொல்லி, தெற்குச் சரிவை மட்டும் எந்தத் திட்டத்திலும் சேர்க்காமல், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டே வந்திருந்தாள். இன்று மதியம் மேலாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார்.

"மின் நிலையத்துல மூணு நாளைக்குத்தான் கரி இருக்கு. வடக்கே தோண்டணும்னா மண்ணைக் கொட்ட வேற இடமில்ல, தெற்குச் சரிவு மேலதான் கொட்டணும். உங்களுக்குக் கஷ்டம்தான், தெரியும்மா. அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுருங்க."

கொட்டினால் அதன்மேல் இன்னும் அறுபது மீட்டர். அப்புறம் எந்தக் காலத்திலும் யாரும் தோண்ட மாட்டார்கள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. தம்பியின் மனைவி. தினமும் இதே நேரம்தான்.

"அண்ணி, அடுத்த வாரமாவது தோண்டுவாங்களா?"

"பார்க்கலாம்மா."

"முகம் தெரியலேன்னாலும் பரவாயில்ல, அண்ணி. ஒரு பிடி எலும்பு கிடைச்சாப் போதும். புள்ள அப்பா எங்கேன்னு கேட்டா ஒரு இடத்தைக் காட்டணும்ல."

"பார்க்கலாம்" என்றாள் மறுபடியும்.

போனை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடுகிறவரை அழுகையை அடக்க முடிந்தது.

டொக், டொக்.

திரையில், யாரும் இல்லாத தெற்குச் சரிவின் நடுவில், ஒரு பச்சைப் புள்ளி வந்திருந்தது. பக்கத்தில் இருபத்தேழு என்ற எண்ணும், 'சுமையோடு' என்ற சொல்லும், அதற்குக் கீழே ஆழமும் தெரிந்தன. முப்பத்தெட்டு மீட்டர். மழையில் ஏதோ பழுது என்று சொல்லிக்கொண்டாள். சன்னல் சாத்தியிருந்தும் அறைக்குள் ஈரக் களிமண் வாடையும் டீசல் வாடையும் ஒன்றாகக் கலந்து வந்தன, மழைச் சத்தத்துக்கு அடியில் பாரத்தோடு மேடேறும் ஓர் எஞ்சினின் முனகல் நிற்காமல் கேட்டது. முப்பது மீட்டர். பத்தொன்பது.

கணினியை அணைத்தாள். முனகல் நிற்கவில்லை.

சரிவு இடிந்த அன்றைக்கு அவன் வாக்கியில் வாய் திறந்து பேசியிருந்தான். அதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "அக்கா, மேல விரிசல் தெரியுது. வண்டியை எடுத்துடவா? எங்க கொட்டணும்னு மட்டும் சொல்லு." அன்றைக்கும் கரி தட்டுப்பாடு, மின் நிலையத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். "பத்து நிமிஷம் அங்கேயே இரு, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். டொக், டொக். அக்கா சொன்னாள் என்று இருந்தான். ஒன்பதாம் நிமிடம் சரிந்தது.

முனகல் சன்னலுக்குக் கீழே வந்து நின்றது.

போகாதே என்று மனம் சொன்னது. கால் போனது.

ஆளுயரத்துக்கு மேல் சக்கரங்கள். விளக்கு எரியவில்லை. அத்தனை மழையிலும் கழுவப்படாத மஞ்சள் களிமண். மாடி அறை என்பதால் ஓட்டுநர் கூண்டு அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. அதன் கண்ணாடிக்கு உள்ளே, கூரைவரை, மண்.

மண்ணுக்குள் ஏதோ நெளிந்தது. ஒரு விரல் கண்ணாடியை மெல்லத் தேய்த்தது. சின்ன வட்டம். அதில் ஒரு கண்.

"அக்கா" என்றது வாக்கி. "நான் நகரவே இல்ல."

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"என்னை மன்னிச்சிடுடா. வீட்டுக்குப் போ. அவ காத்துட்டிருக்கா."

"கொட்டாம எப்படிப் போறது?" கோபமே இல்லாத குரல். வாய் நிறைய மண்ணோடு பேசுகிற குரல். "எங்க கொட்டணும், அக்கா?"

சுவரில் வரைபடம் இருந்தது. வடக்கே நாளைக்கு ஆட்கள் இறங்குவார்கள். தெற்கே, அவனை மறுபடி புதைக்கச் சொல்லி அவள் போட்ட கையெழுத்து. கொட்டகையில் இருபது பேர் டீ குடிக்கிறார்கள். அவன் கேட்டதற்குப் பதினோரு மாதமாக அவள் பதில் சொல்லவில்லை.

"இங்கேயே" என்றாள். "இந்த அறை மேலயே கொட்டுடா."

டொக், டொக்.

வண்டி நிதானமாகத் திரும்பிப் பின்பக்கத்தைச் சன்னலுக்குக் காட்டியது. தொட்டி உயர ஆரம்பித்தது. மேசைமேல் போன் அடித்தது. தொட்டி இன்னும் உயர்ந்தது. அறை இருண்டது. கண்ணாடியில் முதல் பிடி மண் வந்து ஒட்டியது.