வாய்க்கால் ஆர் செலவு?

செத்தவரின் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

ஆறு மாடி ஹோட்டல். பாதிதான் கட்டியிருந்தது. லிப்டுக்காகத் தோண்டிய குழியின் அடியில் மாநகர சபைப் பொறியியலாளர் தேவராஜா கிடந்தார். பின்மண்டை பிளந்து...

காலை எட்டு நாற்பது.

இன்ஸ்பெக்டர் மக்டலீன் குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஆர் இவருக்குப் போன் எடுக்கிறது?"

"நான்தான் மேடம்." தேவராஜாவின் உதவியாளர் நிமலினி தன் போனை அணைத்தாள். "விடியத் தொடக்கம் எடுக்கிறன், இப்பதான் இஞ்சை ஓடி வந்தனான். பத்து மணிக்குச் சபைக் கூட்டம். அவரின்ரை அறிக்கை இல்லாட்டி எங்கடை ஒழுங்கைச் சனம் துலைஞ்சுது."

"என்ன அறிக்கை?"

"இந்த ஹோட்டலுக்குக் கழிவு வாய்க்கால் வேணும். ஒன்பது கோடி. ஹோட்டல்தான் குடுக்கவேணும் எண்டு எழுதினவர். அறிக்கை போகாட்டி சபை குடுக்கும். சபை எண்டால் ஆர்? வாய்க்கால் போற எங்கடை ஒழுங்கையிலை இருக்கிற இருநூற்று நாப்பது வீடு. வீட்டுக்குக் கட்டுற சோலைவரி ரெண்டு மடங்கு."

"அறிக்கை எங்கை?"

"சிவப்பு ஃபைலிலை கொண்டு வந்தவர். காணேல்லை."

ஹோட்டல் முதலாளி றோகான் சிகரெட்டை மிதித்தான். கனடாக் காசு. கனடாக் கோபம்.

"என்னைப் பாக்காதையுங்கோ. நகரம் வா வா எண்டு கூப்பிட்டது, வந்தன். வாய்க்கால் வெட்டுறது கூப்பிட்டவன்ரை வேலை."

"கலியாணத்துக்குக் கூப்பிட்டால் சோறு போடுவினம்," என்றாள் நிமலினி. "வீடும் கட்டித் தருவினமோ?"

"உந்த வாயாலைதான் இந்த ஊருக்கு ஒருத்தனும் வாறேல்லை."

"வந்த ஒருத்தராலை ஒரு பிணம் விழுந்திட்டுது."

"நிப்பாட்டுங்கோ ரெண்டு பேரும்." மக்டலீன் றோகானிடம் திரும்பினாள். "ஒன்பது கோடி. கொல்ல அது போதும்."

"எட்டரைக்குத்தான் கொழும்பு பஸ்ஸாலை இறங்கினனான். இந்தா ரிக்கற். காசு என்ரை தலையிலை விழுந்தால் ரெண்டாவது கட்டடத்தை விட்டிடுவன். அதுக்குப் பேசின பக்கத்துக் காணியும் வாங்கமாட்டன். அவ்வளவுதான்."

"ஆரின்ரை காணி?"

"ஏரம்பு அண்ணையின்ரை. ஆறு கோடிக்குப் பேசி முடிச்சாச்சு. ஆருக்கும் சொல்லவேண்டாம் எண்டவர்."

நிமலினி குறுக்கே பாய்ந்தாள்.

"பொய். அவர்தான் எங்கடை எதிர்ப்புக் குழுத் தலைவர். வாய்க்கால் காசை ஹோட்டல்தான் குடுக்கவேணும் எண்டு ஒரு மாதமாய்க் கத்துறார். இப்பவும் சபை வாசலிலை கொடி பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்."

"நம்பரைத் தாரும்."

ஏரம்பு உடனே எடுத்தார்.

"அண்ணை, இன்ஸ்பெக்டர் மக்டலீன். ஆஸ்பத்திரியிலை இருந்து கதைக்கிறன். தேவராஜா செத்துப்போனார்."

"ஐயோ பிள்ளை... நல்ல மனுசன். எல்லாம் அந்தக் கனடாக்காரன்ரை வேலை."

"நீங்கள் எங்கை நிக்கிறியள்?"

"சபை வாசலிலை. உந்தக் குழியை மூடு மூடு எண்டு எத்தினை கடிதம் போட்டனாங்கள்..."

மக்டலீன் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"விழுந்தவர் எண்டு நான் சொல்லேல்லையே அண்ணை."

"ஊரிலை சொல்லிச்சினம் பிள்ளை..."

"'அந்தக் குழி' எண்டிருந்தால் ஆரோ சொல்லிக் கேள்விப்பட்டியள் எண்டு விட்டிருப்பன். 'உந்தக் குழி' எண்டால் கேக்கிறவளுக்குக் கிட்ட, என்ரை காலடியிலை கிடக்கிறது. ஆஸ்பத்திரியிலை நிக்கிறவளின்ரை காலடியிலை குழி ஏது? நீங்கள் என்னைப் பாத்துக்கொண்டெல்லோ நிக்கிறியள்."

நிமிர்ந்தாள்.

மதிலுக்கு அப்பால், பக்கத்துக் காணி வீட்டு மேல்மாடி ஜன்னல். காதில் போனோடு ஏரம்பு. கக்கத்தில் சிவப்பு ஃபைல்!

பத்து நிமிடத்தில் விலங்கு.

"அறிக்கையை மாத்தும் எண்டு கெஞ்சினன்," என்றார் ஏரம்பு. "மாட்டன் எண்டான். வாய்க்கால் காசை ஹோட்டல் குடுத்தால் என்ரை ஆறு கோடி போச்சு. தள்ளினன்."

"அப்ப ஒரு மாதமாய்க் கத்தினது?"

"கத்தினால்தானே என்னிலை ஆருக்கும் சந்தேகம் வராது."

நிமலினி ஃபைலோடு ஸ்கூட்டரில் பறந்தாள்.

பத்தரைக்கு அவளிடமிருந்து போன்.

"கூட்டத்திலை வாசிச்சாச்சு மேடம். ஹோட்டல்தான் குடுக்கவேணும் எண்டு சபை முடிவு."

ஜீப்பின் பின்சீட்டில் ஏரம்பு தலையைத் தொங்கப்போட்டார்.

"காணியும் போச்சு... மறியல் கம்பிக்குள்ளை சாப்பாடாவது ஒழுங்காய்த் தருவினமோ?"

"தருவினம் அண்ணை," என்றாள் மக்டலீன். "எல்லாம் சனத்தின்ரை வரிக்காசுதான். இந்தச் செலவுக்கு மட்டும் ஒருத்தரும் கொடி பிடிக்கமாட்டினம்."